வெண்காரம் உண்ட பன்னிரண்டு பேர்: 1906 அமெரிக்க உணவுச் சட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

1902ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாஷிங்டனில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வேதியியல் பிரிவு தன் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் அமைத்தது. பன்னிரண்டு இளைஞர்கள் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டார்கள். கடைகளில் விற்ற உணவில் என்னென்ன பதப்பொருள்கள் கலந்திருந்தனவோ, அவை அந்தச் சாப்பாட்டில் அளந்து சேர்க்கப்பட்டன. அவர்களுடைய பெயர்கள் இங்கே தேவையில்லை. பெரும்பாலும் அரசு அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் உடம்பில் நடந்ததைக் குறித்து வைத்த அறிக்கைகள் நான்கே ஆண்டுகளில் ஒரு தேசியச் சட்டத்துக்கு வலு சேர்த்தன. அடுத்த பத்தாண்டுகளில், அதே அறிக்கைகள் போதாதவை என்று ஒதுக்கப்பட்டன. ஏற்றதற்கும் ஒதுக்கியதற்கும் காரணங்கள் உண்டு. இந்த ஆய்வு அந்தக் காரணங்களைத் தேடுகிறது.

பின்னணி

அந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெருநிறுவனக் கூட்டுகளை உடைத்த வழக்குகளையே சொல்வார்கள். 1904இல் வடக்கு ரயில்பாதைக் கூட்டு கலைக்கப்பட்டது. 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் உடைக்கப்பட்டது. பெரிய வழக்குகள்தான். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பெருவணிகம் நேரடியாக வந்து சேர்ந்த இடம் சாப்பாட்டுத் தட்டு.

19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் அமெரிக்கர்கள் உணவு வாங்கும் விதமே மாறிப்போயிருந்தது. குளிரூட்டிய ரயில் பெட்டிகள் வந்த பிறகு சிகாகோவில் வெட்டிய மாட்டின் இறைச்சி நியூயார்க் கடையில் தொங்கியது. தெரிந்த பால்காரர், தெரிந்த கறிக்கடைக்காரர் என்ற உறவு நகரங்களில் அறுந்துபோனது. சரக்கு நெடுந்தூரம் போக வேண்டும், நாள்கணக்கில் கெடாமலும் இருக்க வேண்டும். அதற்கு மலிவான வழி ரசாயனம். பாலில் ஃபார்மால்டிஹைடு ஊற்றினார்கள். இறைச்சியிலும் வெண்ணெயிலும் போராக்ஸ் எனப்படும் வெண்காரம் போனது. தகரடப்பாவில் அடைத்த பட்டாணி பச்சைப்பசேலென்று தெரிய மயில்துத்தம் என்ற செப்பு உப்பைச் சேர்த்தார்கள். சாஸ், ஜாம் வகைகளில் சாலிசிலிக் அமிலமும் சோடியம் பென்சோயேட்டும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவின் மேல் எழுத வேண்டும் என நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை.

1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் படைவீரர்களுக்கு அனுப்பிய மாட்டிறைச்சி, பிணத்தைப் பதப்படுத்துவது போல ரசாயனம் ஏற்றியது என்று தளபதி நெல்சன் மைல்ஸ் குற்றம் சாட்டினார். விசாரணைக் குழு அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. மக்கள் மனதில் விழுந்த சந்தேகமோ போகவில்லை.

வேதியியல் பிரிவின் தலைவராக 1883 முதல் இருந்தவர் ஹார்வி வைலி. இந்தியானா மாநிலத்துக்காரர், மருத்துவமும் வேதியியலும் படித்தவர். 1887 முதல் அவருடைய பிரிவு பால் பொருள்கள், மசாலாக்கள், மது, கொழுப்பு, தேன், காப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கலப்படத்தைப் பற்றித் தொடர் அறிக்கைகள் வெளியிட்டது. அந்த அறிக்கைகளை வைத்துக்கொண்டும் சட்டம் கொண்டுவர முடியவில்லை. 1879க்கும் 1906க்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட உணவு மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் வந்து விழுந்தன. உற்பத்தியாளர்கள் தரப்பின் வாதம் எளிமையானது: கலந்திருக்கிறது, சரி, அதனால் யாருக்கு என்ன கெடுதல் வந்தது, காட்டுங்கள். இதற்கு வைலியிடம் பதில் இல்லை. சோதனைக்குழாய் ஒரு பொருள் உள்ளே இருப்பதைச் சொல்லும். நாள்தோறும் அதைத் தின்றால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

சோதனைக்கான ஏற்பாடு

1902இல் நாடாளுமன்றம் 5,000 டாலர் ஒதுக்கியது. பதப்பொருள்களும் நிறமிகளும் உடல்நலத்துக்குக் கேடா, இல்லையா என்று கண்டறிவதே அதன் நோக்கம். விலங்குகளுக்குப் பதில் மனிதர்களையே வைத்துச் சோதிப்பது என்று வைலி முடிவெடுத்தார்.

இளைஞர்களையும் ஆரோக்கியமானவர்களையும் மட்டுமே சேர்த்ததற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். திடகாத்திரமான இளைஞரையே ஒரு பொருள் பாதித்தால், குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் அது இன்னும் அதிகம் பாதிக்கும். இந்த வாதம் ஒரு திசையில்தான் செல்லும் என்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞருக்கு எதுவும் ஆகவில்லை என்றால், குழந்தைக்கும் ஆகாது என்று அதிலிருந்து சொல்ல வழியில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்பியது.

சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது; நல்ல சாப்பாடு இலவசம். பதிலுக்கு அவர்கள் ஏற்ற நிபந்தனைகள் கடுமையானவை. வெளியே ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. சிறுநீரையும் மலத்தையும் சேகரித்து ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். எடை, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் தவறாமல் பதிவாகும். உடம்புக்கு ஏதாவது நேர்ந்தால் அரசைப் பொறுப்பாக்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இந்தக் கடைசி நிபந்தனையை அனுமதிக்காது. அன்று அப்படியொரு குழுவே கிடையாது.

ஒவ்வொரு பதப்பொருளுக்கும் சோதனை மூன்று கட்டமாக நடந்தது. முதலில் சில நாள்கள் சுத்தமான உணவு மட்டும். ஒருவருடைய எடை மாறாமல் நிற்க எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று அதில் தெரிந்துகொண்டார்கள். பிறகு அதே சாப்பாட்டுடன் பதப்பொருள், அளவைப் படிப்படியாகக் கூட்டி. கடைசியில் மறுபடியும் சுத்த உணவு. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று இரண்டையும் நிறுத்து, உடம்பு எதைத் தக்கவைத்தது, எதை இழந்தது என்று கணக்கிட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் கண்டவை

முதலில் எடுத்துக்கொண்ட பொருள் வெண்காரம். அதை வெண்ணெயில் கலந்து வைத்தார்கள், எந்தப் பதார்த்தத்தில் இருக்கிறது என்று சொல்லாமல். கொஞ்ச நாளில் மேசையில் வெண்ணெய் மட்டும் மீந்துபோகத் தொடங்கியது. ருசியில் ஏதோ பட்டு, ஆளாளுக்கு அதைத் தவிர்த்துவிட்டார்கள். பாலுக்கு மாற்றினார்கள், இறைச்சிக்கு மாற்றினார்கள், காப்பிக்கு மாற்றினார்கள். மாற்றிய இடத்திலெல்லாம் இதே கதை. யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை, கை தானாகவே விலகிக்கொண்டது. எவ்வளவு வெண்காரம் உள்ளே போகிறது என்ற கணக்கே இதில் குலைந்துபோகவே, காப்ஸ்யூல் எனப்படும் ஜெலட்டின் குப்பியில் அடைத்துச் சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னார்கள். அளவு இனிப் பிசகாது. ஆனால், எதை விழுங்குகிறோம் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும்.

குறைந்த அளவில் உடனே எதுவும் தெரியவில்லை. அளவு கூடியபோதும், நாள்கள் நீண்டபோதும் தலைபாரம், வயிற்றுவலி, பசியின்மை ஆகியவை ஒவ்வொருவரிடமாகப் பதிவாயின. உச்ச அளவில் அலுவலக வேலையே பார்க்க முடியாத நிலை வந்தது. நாளுக்கு அரை கிராம் வெண்காரத்தைக்கூட ஆரோக்கியமான ஒருவர் தொடர்ந்து உட்கொள்வது நல்லதல்ல என்பது 1904இல் வெளியான அறிக்கையின் முடிவு. சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட்டுகள், பென்சோயேட், ஃபார்மால்டிஹைடு, மயில்துத்தம், வெடியுப்பு ஆகியவையும் 1907 வரை அடுத்தடுத்துச் சோதனைக்கு வந்தன. ஃபார்மால்டிஹைடு கொடுத்தபோது பலர் நோய்வாய்ப்பட்டார்கள். அந்தச் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் பங்கேற்ற ஒருவர் 1906இல் காசநோயால் இறந்தார். வெண்காரம் அவர் உடம்பைத் தளர்த்திவிட்டது என்று குடும்பத்தார் நம்பினார்கள், வைலி மறுத்தார். நிரூபிக்க வழியிருக்கவில்லை. சோதனை முடிந்து வெளியேறியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததே அதற்குக் காரணம். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மனம் கனக்கும் இடம் இது. மூன்று வேளை சாப்பாட்டைத் தவிர எந்த லாபமும் இல்லாமல் தன் உடம்பைப் பொது நன்மைக்குக் கொடுத்தவருக்கு, சாவுக்குப் பிறகு ஒரு தெளிவான பதிலைக்கூட யாராலும் தர முடியவில்லை.

செய்தி வெளியே போன விதம்

விஷயம் அறிவியல் அறிக்கையாக முதலில் வெளிவர வேண்டும் என்று வைலி விரும்பினார். பங்கேற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளையும் போட்டார். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர் விடவில்லை. கிடைத்த துணுக்குகளை வைத்தும், சிலவற்றைத் தானே கற்பனை செய்தும் எழுதினார். வெண்காரம் தின்றவர்களின் முகம் ரோஜா நிறமாகிவிட்டது என்பது அப்படி வந்த கதைகளில் ஒன்று. ‘விஷப் படை’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது, பாட்டுகள்கூட வந்தன. வைலி பிறகு தன் போக்கை மாற்றிக்கொண்டு தானே பத்திரிகைகளிடம் பேசினார், மகளிர் மன்றங்களில் உரையாற்றினார்.

அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து. மௌனம் காத்திருந்தால் வதந்தி மட்டுமே பேசியிருக்கும். மகளிர் மன்றங்களின் பொதுக் கூட்டமைப்பும் தேசிய நுகர்வோர் கழகமும் இந்தச் செய்தியை வீடுவீடாகக் கொண்டுபோயின; நுகர்வோர் கழகத்தின் உணவுக் குழுவை நடத்திய ஆலிஸ் லேக்கி 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை நேரில் சந்தித்த குழுவில் இருந்தார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் மாநில உணவு அதிகாரிகள் செய்த ஒரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய உணவுப் பொருள்களிலிருந்து நிலக்கரித் தார்ச் சாயத்தைப் பிரித்தெடுத்து, அதே சாயத்தில் பட்டையும் கம்பளியையும் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். சாயமேறிய துணியைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டம்

1906 பிப்ரவரி 21இல் செனட் மசோதாவை 63க்கு 4 என்ற வாக்கில் நிறைவேற்றியது. கீழவையில் அது தேங்கிக் கிடந்தபோது சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றிய ஒரு நாவல் நாட்டையே உலுக்கியது. ரூஸ்வெல்ட் இரண்டு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். அவர்கள் கண்டது நாவலுக்கு நெருக்கமாகவே இருந்தது. ஜூன் 30இல் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும் அவர் ஒரே நாளில் கையெழுத்திட்டார். முன்னது 1907 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது.

பெருநிறுவனங்கள் எல்லாமே எதிர்த்தன என்று சொல்வது சரியாகாது. ஹைன்ஸ் நிறுவனம் சட்டத்தை ஆதரித்தது. நன்கு பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு பென்சோயேட் இல்லாத கெட்சப்பை அது தயாரித்துக் காட்டியது. பதப்பொருள் இல்லாமல் முடியாது என்று மற்றவர்கள் சொன்ன வாதத்தை அந்த ஒரு பாட்டில் உடைத்தது. அந்த நிறுவனத்துக்கு இதில் வியாபார லாபமும் இருந்தது. அதனால் வாதத்தின் வலு குறைந்துவிடவில்லை.

சட்டம் சாதித்தவை பல. மார்ஃபின், கொகெய்ன், ஹெராயின், ஆல்கஹால் போன்றவை மருந்தில் இருந்தால் பெயரையும் அளவையும் சீட்டில் எழுத வேண்டும் என்றானது. உடல்நலத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய நச்சுப் பொருள் சேர்த்த உணவு கலப்படம் என்று வரையறுக்கப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் கிடைத்தது.

விட்டுப்போனது ஒன்று. எந்தப் பொருள் தீங்கானது என்று சட்டத்தில் பட்டியல் இல்லை. அதைத் தீர்மானித்துக் கட்டாயமாக்கும் அதிகாரமும் வேதியியல் பிரிவுக்குத் தரப்படவில்லை. தீங்கு என்று அரசு நினைத்தால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். விற்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மசோதா நிறைவேற வேண்டும் என்ற அவசரத்தில் இந்த இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுத் தோல்விக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு அது என்பதால் அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நடந்தவை

1907இல் வேளாண்மைச் செயலர் ஜேம்ஸ் வில்சன் மூன்று பேர் கொண்ட ஆய்வு வாரியத்தை அமைத்தார். வைலி அதில் ஒருவர். மற்ற இருவர் சேர்ந்தால் அவரைத் தோற்கடித்துவிடலாம். அதுவே அடிக்கடி நடந்தது.

1908 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி வைலி பின்னாளில் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். டப்பாவில் அடைக்கும் சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் சேர்த்துத் தம் நிறுவனம் ஆண்டுக்கு 4,000 டாலர் மிச்சப்படுத்தியதாக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சொன்னார். வைலி குறுக்கிட்டு, வாங்கியவர்கள் சர்க்கரை என்று நம்பி ஏமாந்தார்கள், அது உடம்புக்கும் கேடு என்றார். தம் மருத்துவர் தமக்கு நாள்தோறும் சாக்கரின் தருகிறார் என்று ரூஸ்வெல்ட் சீறினார். வைலியின் கூற்றில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஏமாற்று என்பது மறுக்க முடியாதது. கேடு என்பதற்கு அப்போது அவர் கையில் சோதனை முடிவு எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதில், உறுதியான பகுதியும் அடிபட்டுப்போனது.

அதே ஆண்டு ரூஸ்வெல்ட் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரா ரெம்சன் தலைமையில் அறிவியல் நடுவர் குழு ஒன்றை அமைத்தார். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டது ரெம்சனின் ஆய்வகத்தில்தான். யேல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் இந்தக் குழு பென்சோயேட்டை மறுபடி சோதித்து, சிறு அளவில் கேடில்லை என்று 1909 ஜனவரியில் அறிவித்தது. அந்தச் சோதனையில் பங்கேற்றவர்களும் ஆரோக்கியமான இளைஞர்கள்தான். அளவைச் சீட்டில் குறிப்பிட்டால் போதும் என்று மார்ச்சில் பென்சோயேட்டுக்கு அனுமதி வந்தது. வைலி தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1911இல் அவரை வெளியேற்ற நடந்த முயற்சியை ஜனாதிபதி டாஃப்ட் நிராகரித்தார். ஆனாலும் 1912 மார்ச்சில் வைலி தாமே பதவி விலகினார்.

நீதிமன்றங்களில் போர் தொடர்ந்தது. அசிட்டனிலைடு என்ற வேதிப்பொருள் கலந்த தலைவலி மருந்து விற்ற ஒருவருக்கு 1908இல் 700 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் செல்வத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 1911இல் புற்றுநோயைக் குணமாக்கும் என்று சீட்டில் போட்ட ஒரு பொய், மருந்தின் கூறுகளைப் பற்றியதல்ல என்பதால் இந்தச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அதிலும் ஏமாற்றும் நோக்கத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றானது.

இந்த நிகழ்வுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 1914இல் வந்தது. நைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்க வைத்த கோதுமை மாவு மூட்டைகளை அரசு பறிமுதல் செய்திருந்தது. நச்சுப் பொருள் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த உணவு தீங்கு செய்யும் சாத்தியம் உண்டு என்றும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், மாவைத் தின்பவர்களில் வலுவானவரும் நலிந்தவரும், முதியவரும் சிறியவரும், நோயாளியும் உண்டு, அவர்களில் யாரைப் பாதிக்கும் சாத்தியம் இருந்தாலும் சட்டம் தடுக்கலாம் என்றும் சொன்னது. நலிந்தவர்களைப் பற்றிய சான்று அரசிடம் இருந்திருந்தால் இந்த இரண்டாவது வரி பெரிய ஆயுதம். அடித்தள மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வலுவானவர்கள்.

மறுபடி செய்தால்

வெண்கார அறிக்கையை இன்று படிக்கும்போது அதன் நேர்மையும் தெரிகிறது, ஓட்டைகளும் தெரிகின்றன. பன்னிரண்டு பேர் போதாது. குப்பியில் என்ன இருக்கிறது என்று விழுங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. வெறும் மாவடைத்த குப்பி விழுங்கும் சிலர் அதே மேசையில் இருந்திருந்தால் தலைபாரமும் பசியின்மையும் வெண்காரத்தாலா, பயத்தாலா என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். பெண்கள் ஒருவர்கூட இல்லை. அளவைப் பொறுத்தவரை, கடையுணவில் சராசரியாக எவ்வளவு போகிறதோ அதையே மையமாக வைத்து நீண்ட நாள் கவனித்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு தாக்கிய இடங்களில் அளவும் ஒன்று. சோதனை முடிந்த பிறகும் அந்தப் பன்னிரண்டு பேரின் உடல்நலத்தை அரசே தன் செலவில் பார்த்துவந்திருக்க வேண்டும். அறிவியலுக்காக இல்லையென்றாலும், அவர்களுக்குப் பட்ட கடனுக்காக.

சட்டத்தில் மாற்ற வேண்டியிருந்தது நிரூபிக்கும் சுமை. 1937இல் சோதிக்காமல் விற்ற ஒரு சல்ஃபா திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்த பிறகு, 1938 சட்டம் புதிய மருந்துகளுக்கு அந்தச் சுமையைத் தயாரிப்பாளர் மேல் வைத்தது. உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு அது 1958 வரை நடக்கவில்லை. அந்த ஆண்டுத் திருத்தத்தின்படி புதிய சேர்மானம் பாதுகாப்பானது என்று விற்பவரே முதலில் காட்ட வேண்டும். நெடுநாள் பயன்பாட்டில் இருந்து, பாதுகாப்பானது என்று நிபுணர்கள் பொதுவாக ஏற்றவற்றுக்கு விலக்கு உண்டு. சோடியம் பென்சோயேட் அந்த விலக்கில் 0.1 சதவீத வரம்போடு இன்றும் இருக்கிறது. வெண்காரத்தை அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி இல்லை.